கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைக்கு பிசியோதெரபி எதற்கு?

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு 29 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேரன் 1,150 கிராம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 18 நாளாக இருக்கிறான். வென்டிலேட்டர் எடுத்தாயிற்று, மூக்கில் ஆக்சிஜன், குழாய் வழியாகப் பால். "இப்போது பிசியோதெரபி ஆரம்பிக்கிறோம் என்கிறார்கள். கைப்பிடி அளவு பிள்ளைக்கு என்ன உடற்பயிற்சி? பில் ஏற்றுகிற வேலையா? வீட்டுக்கு வந்ததும் நாங்கள் எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுக் குளிப்பாட்டினால் போதாதா?" இதுதான் கேள்வி.

ஆச்சி, நானும் காரைக்குடிக்காரிதான். பிசியோதெரபிஸ்ட், பல வருஷமாகப் பச்சிளம் குழந்தைகளோடுதான் வேலை. உங்கள் சந்தேகத்தில் தப்பே இல்லை. பெரியவர்களுக்கு முட்டி வலிக்குச் செய்கிற பிசியோதெரபியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது வேடிக்கையாகத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. கையைக் காலை ஆட்டுவது அதில் ரொம்பக் கொஞ்சம். பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது, எப்போது தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது என்பதுதான் பெரும்பகுதி.

உங்கள் பேரன் இன்னும் பத்து, பதினோரு வாரம் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவன். அங்கே அவனுக்குத் தண்ணீர் மெத்தை, நாலு பக்கமும் சுவர். காலை உதைத்தால் சுவர் திருப்பித் தள்ளும்; அந்தத் தள்ளலில்தான் தசையும் எலும்பும் உரமேறும். கடைசி மாதங்களில் இடம் குறையக் குறைய, முட்டி வயிற்றோடும் கை வாயோடும் மடங்கிப் போகும். அந்த மடக்கம் தசையில் கால் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கி வருவது. 28 வாரத்துப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தால் நனைந்த துணி மாதிரி தொங்கும். நிறைமாதப் பிள்ளையோ காலை இழுத்து விட்டால் வெடுக்கென்று மடக்கிக்கொள்ளும். இடையில் உள்ள அந்த மூன்று மாத வேலையை உங்கள் பேரன் இப்போது வெளியே, புவியீர்ப்பை எதிர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அவனை அப்படியே மல்லாக்கப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? தொடை இரண்டும் தவளை மாதிரி விரிந்து படுக்கையோடு ஒட்டும். கை இரண்டும் தோளுக்கு மேலே போய்க் கிடக்கும். கழுத்து பின்பக்கம் வளையும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. வாரக்கணக்கில் கிடந்தால் தோள் பின்னுக்கு இழுத்தே பழகிவிடும். பிறகு கையை வாய்க்குக் கொண்டுவரவும், குப்புற விழவும், ஊன்றி உட்காரவும் சிரமப்படுவான். தலையும் பக்கவாட்டில் தட்டையாகி நீண்டு போகும்.

இதைத் தடுப்பதுதான் எங்கள் முதல் வேலை. துணியைச் சுருட்டி அவனைச் சுற்றிக் கூடு மாதிரி கட்டுவோம். முட்டி வயிற்றுப் பக்கம் மடங்கியிருக்க வேண்டும், கை இரண்டும் நெஞ்சுக்கு நடுவே, வாய்க்கு எட்டுகிற மாதிரி, தலை நேராக, பாதம் உதைக்க ஒரு சுவர். சிஸ்டர்கள் டயபர் மாற்றுகிற நேரத்தில் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார்கள். இது முதல் நாளிலிருந்தே நடந்திருக்கும், பிசியோதெரபி என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் துணி கேட்டால், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன மல் வேட்டியை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். கண்டாங்கிச் சேலை வேண்டாம். நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் அந்தத் தோலுக்கு அந்த நூல் முரடு.

இப்போது தூண்டுதலுக்கு வருகிறேன். பிள்ளையின் புலன்களுக்கு வேலை கொடுப்பது; மருத்துவமனையில் 'ஸ்டிமுலேஷன்' என்பார்கள். நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்.

வயிற்றுக்குள் புலன்கள் ஒரு வரிசையில் விழிக்கும். தொடு உணர்வு முதலில். அப்புறம் அசைவை உணர்வது, மணம், ருசி. 25 வாரத்தை ஒட்டிக் காது. எல்லாவற்றுக்கும் கடைசியில் கண். வயிற்றுக்குள் வெளிச்சம் இல்லை, சத்தமும் தண்ணீரில் மட்டுப்பட்டுத்தான் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இது தலைகீழ். தலைக்கு மேல் ட்யூப் லைட், மானிட்டர் அலறல், பெட்டிக் கதவை மூடும் 'டப்'. தொடுகை என்று கிடைப்பதெல்லாம் ஊசியும் பிளாஸ்டரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்தப் பிரிவுகளில் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று 1997இலேயே சொல்லிவிட்டது. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 வரும். ஆகவே இந்தப் பிள்ளைக்குத் தூண்டுதல் குறைவு என்பது பாதி உண்மை. வேண்டாத தூண்டுதல் மிதமிஞ்சிக் கிடக்கிறது, வேண்டியது கிடைக்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. 31 வாரத்துப் பிள்ளை ஒன்று. ஆர்வக் கோளாறில் ஒரு கையால் முதுகைத் தடவிக்கொண்டே, முகத்துக்கு நேரே கறுப்பு வெள்ளை அட்டையைக் காட்டி, கூடவே பாட்டும் பாடினேன். பிள்ளை முதலில் விரலை விசிறி மாதிரி விரித்தது. அடுத்து விக்கல். அதை நான் கவனிக்கவே இல்லை. கொட்டாவி விட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. 'தூக்கம் வருகிறது போல' என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பாடினேன். ஆக்சிஜன் அளவு 80க்குக் கீழே இறங்கி மானிட்டர் கத்திய பிறகுதான் மூத்த சிஸ்டர் ஓடிவந்து, "கையை எடுங்க. அது அப்பவே வேண்டாம்னு சொல்லிச்சு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விரலை விரிப்பது, புருவம் நெரிப்பது, விக்கல், தொடர் தும்மல், கொட்டாவி, முதுகை வில்லாக வளைப்பது, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, பார்வையைத் திருப்பிக்கொள்வது, இதெல்லாம் 'போதும்' என்று சொல்வது. கையை வாய்க்குக் கொண்டுபோவது, ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் போட்டுக்கொள்வது, மூச்சு சீராக ஓடுவது, இதெல்லாம் 'இருக்கட்டும்' என்பது. ஹைடெலிஸ் ஆல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இந்தச் சைகைகளை முறையாக வகுத்து, பிள்ளையைப் பார்த்துத்தான் பராமரிப்பு என்ற முறையை உண்டாக்கினார். உங்கள் மகளும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பாஷை பிடிபட்டுவிடும். தாய்மார் எங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

'போதும்' என்று அவன் சொன்னால் என்ன செய்வது? தட்டிக் கொடுக்க வேண்டாம், தடவ வேண்டாம். கையை வெதுவெதுப்பாக்கி, ஒரு கையைத் தலையிலும் இன்னொன்றை மடங்கிய காலடியிலும் வைத்து அசைக்காமல் பிடித்திருந்தால் போதும். ஊசி போடும்போதும் இப்படிப் பிடித்திருந்தால் வலி குறைவாகத் தெரியும். விரல் நுனியால் மெல்ல வருடுவதுதான் இதம் என்று நாம் நினைக்கிறோம். அது அவனுக்குப் பூச்சி ஊருவது போல. அசையாத, அழுத்தமான கைதான் பிடிக்கும்.

பிசியோதெரபியில் முதல் மருந்து எது என்று கேட்டால், நெஞ்சில் போட்டுக்கொள்வது என்பேன். கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. வசதி இல்லாத இடத்துக்கான மாற்று என்று ஆரம்பித்தது, வசதி உள்ள இடத்துக்கும் இதுவே மேல் என்று முடிந்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், பிறந்த உடனேயே இதைத் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது; முதல் 28 நாள் மரணங்கள் கால்வாசி குறைந்தன. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை இதைச் செய்யச் சொல்லிவிட்டது. பிள்ளை டயபரும் தொப்பியும் மட்டும் போட்டு, தாயின் வெறும் நெஞ்சில் தவளை மாதிரி நிமிர்ந்து ஒட்டியிருக்க வேண்டும். உடல் சூடு, நெஞ்சுத் துடிப்பு, மூச்சின் ஏற்ற இறக்கம், பால் வாசனை, தாயின் குரல் எல்லாம் அவனுக்குத் தாங்குகிற அளவில் கிடைக்கும். நான் அட்டையும் பாட்டுமாகக் கொடுக்கப் போய்ச் சொதப்பியதை இது தானாகவே கொடுத்துவிடும்.

மூக்கில் ஆக்சிஜன் இருந்தாலும் செய்யலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை எடுத்தால் ஒரு மணி நேரமாவது கீழே இறக்காதீர்கள், எடுப்பதும் வைப்பதும்தான் பிள்ளைக்கு அலைச்சல். மகளுக்கு இடுப்பு வலி, அசதி என்றால் மாப்பிள்ளை செய்யட்டும். ஆயாவின் நெஞ்சும், அதாவது பாட்டியான உங்கள் நெஞ்சும் ஆகும், ஆச்சி. காய்ச்சல், சளி, தோல் புண் இல்லாமல் இருந்தால் சரி.

அடுத்து வாய். சப்பி, விழுங்கி, மூச்சு விடுவது என்ற மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட 32லிருந்து 34 வாரம் ஆகும். உங்கள் பேரனுக்கு இப்போது 31 முடிந்து 32 நடக்கிறது, குழாய் வழியாகப் பால் போவது அதனால்தான். இந்த இடைவெளியில் அவன் வாய் சும்மா கிடக்கக் கூடாது. கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று வரிசையாக, கையுறை போட்ட சுண்டு விரலால் ஐந்து நிமிடம் அழுத்திக் கொடுப்போம். பால் கறந்து எடுத்த பிறகு வெறும் மார்பில் வாயை வைத்துச் சப்ப விடுவோம். குழாயில் பால் இறங்குகிற நேரத்தில் இதைச் செய்தால், சப்பினால் வயிறு நிறைகிறது என்று அவன் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சப்பிப் பழகும் பிள்ளைகள் குழாயிலிருந்து வாய்க்கு மாறுவதும், வீட்டுக்குப் போவதும் சீக்கிரம் நடக்கிறது என்பது ஆய்வுகளில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்புறம் பாலாடை வரும். ஃபீடிங் பாட்டில் வேண்டாம் என்று உறுதியாக நில்லுங்கள். உங்கள் வீட்டு வெள்ளிச் சங்கைக் கொண்டுபோக ஆசையாக இருக்கும். வேலைப்பாடு இல்லாத, இடுக்கில்லாத சங்காக இருந்து ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைக்க முடிந்தால் சரி. இல்லையென்றால் சில்வர் பாலாடையே நல்லது.

மசாஜ் பற்றி. இங்கே நம் பாட்டிமார்களுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. டிஃபனி ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் வெளியிட்டது: நாளைக்கு மூன்று தடவை, பதினைந்து நிமிடம், பத்து நாள். நடுவில் ஐந்து நிமிடம் கை காலை மடக்கி நீட்டுவது, மற்ற நேரம் மிதமான அழுத்தத்தில் தேய்ப்பது. அப்படிச் செய்த குறைமாதப் பிள்ளைகள், செய்யாதவர்களைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டன. கொடுத்த பால் இரு சாராருக்கும் ஒரே அளவுதான். அழுத்தம் நரம்பு வழியாகக் குடலைத் தூண்டி, குடித்தது உடம்பில் ஒட்ட உதவுகிறது என்பது விளக்கம். எலும்புக்கும் இந்த மடக்கி நீட்டுவது நல்லது. எலும்பில் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் சேரும். உங்கள் பேரனுக்கு அந்த வாய்ப்பு தப்பிவிட்டது. அதனாலேயே எலும்பு மெலிந்திருக்கும். முறுக்கி இழுத்தால் முறிந்தும் போகலாம். மூச்சு நிலைப்பட்டு, 32 வாரம் தாண்டி, எடை ஏறத் தொடங்கிய பிறகு, பழகிய கை செய்ய வேண்டிய வேலை இது.

நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பதைப் பற்றி ஒரே வரி: இந்த அளவுப் பிள்ளைக்கு அதை வாடிக்கையாகச் செய்யக் கூடாது. தலை ஆடினால் மூளைக்கு ஆபத்து. யாராவது தட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

இனி பில். நல்ல பிசியோதெரபி நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிப்பது லேசு. பிள்ளை தூங்கும்போது எழுப்பிச் செய்கிறார்களா, டயபர் மாற்றும் நேரத்தோடு சேர்த்துச் செய்கிறார்களா? இரண்டாவது என்றால் நல்லது; மூளை வளர்வது தூக்கத்தில். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கிறார்களா? எல்லாவற்றையும்விட, உங்கள் மகளைப் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கிறார்களா? திரைக்குப் பின்னால் யாரோ வந்து 'ஸ்டிமுலேஷன்' என்று செய்துவிட்டுப் போய், பில்லில் மட்டும் தினம் இரண்டு தடவை ஏறுகிறது என்றால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தலை ஸ்கேன் எடுத்தார்களா, மூளையில் கசிவு ஏதும் இருந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கசிந்த இடத்தைப் பிசியோதெரபி சரிசெய்யாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். வீடு திரும்பிய பின்னும் தொடர்கிற பயிற்சிகள் பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்குப் பள்ளி சேரும் வயது வரை கைகொடுக்கின்றன, உடல் இயக்கத்துக்கு அதைவிடக் குறைவாகத்தான். இதுதான் உள்ளபடியான நிலவரம்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள்: கண். 1,200 கிராமுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். உங்கள் பேரனுக்கு அந்த நாள் வந்தாயிற்று. மதுரையில் இருக்கிறீர்கள், அரவிந்த் கண் மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு. நம் வளவு வீடுகளில் பிள்ளை வருகிறது என்றால் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஆள் நிற்கும். முதல் இரண்டு மாதம் அது வேண்டாம். எண்ணெய் தேய்க்கலாம், மருத்துவமனை சொல்லும் நாளிலிருந்து. வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய், உங்கள் கையால், அறைக்குள் காற்று வராமல். காதிலும் மூக்கிலும் விடக் கூடாது. நுரையீரலில் எண்ணெய் இறங்கினால் பெரிய வம்பு. காலை நீட்டி முழங்காலில் படுக்க வைத்துக் குளிப்பாட்டும் நம் முறை எனக்குப் பிடிக்கும். பிள்ளை மடங்கி, இரு பக்கமும் அணைப்போடு கிடக்கும், நாங்கள் கட்டுகிற கூடு மாதிரியேதான். ஆனால் மூக்கைப் பிடித்துவிடுவது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, தலையைத் தட்டி உருட்டுவது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் கூடாது. சேனை வைப்பது, உரை மருந்து, வசம்பு எதுவும் வேண்டாம். இவன் குடல் அதற்கெல்லாம் தாங்காது.

உரம் எடுப்பது என்று ஒன்று இருக்கிறதே, பிள்ளை ஓயாமல் அழுதால் 'உரம் விழுந்திருச்சு' என்று சேலையில் போட்டு உருட்டுவது. அதற்கு நான் பரம விரோதி. கழுத்து ஒரு பக்கமே திரும்பியிருந்தால் என்னிடமோ வேறு பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். தசை இறுக்கமாக இருக்கலாம், மெல்ல நீட்டிப் பழக்கலாம்.

தூளி விஷயத்தில் எனக்கே இரண்டு மனது. தூளிக்குள் பிள்ளை வயிற்றுக்குள் இருந்த மாதிரியே மடங்கும், ஆடும். ஆனால் தாடை நெஞ்சில் குத்தி மூச்சுக் குழாய் மடங்கிவிடும் பயம் குறைமாதப் பிள்ளைக்கு அதிகம். தூங்க வைப்பது சமமான படுக்கையில், மல்லாக்க; தலையணை, பஞ்சு மெத்தை இல்லாமல். ஆடுவது வேண்டுமென்றால் உங்கள் மடியில் வைத்து ஆட்டுங்கள். தாலாட்டு தாராளமாகப் பாடலாம், மெதுவான குரலில். அப்போது கிலுகிலுப்பை, டிவி, செல்போன் எதுவும் கூட வேண்டாம். விழித்திருக்கும்போது ஒரு நாளில் சில தடவை குப்புறப் போடுங்கள், ஆத்தங்குடிக் கல் தரை குளிரும் என்பதால் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து.

வயதுக் கணக்கில் பதினோரு வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், இரண்டு வயது வரை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து மாதத்தில் குப்புற விழுந்தால் இவன் ஏழரை மாதம் எடுத்துக்கொள்வது தாமதம் ஆகாது. அந்தக் கணக்கில் மூன்று மாதம் ஆகும்போது பிள்ளை மல்லாக்கக் கிடந்து அசைவதை ஐந்து நிமிடம் செல்போனில் படம் பிடித்து எடுத்துவரச் சொல்வோம். உலை கொதிக்கையில் அரிசி புரளுவது போல கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் சின்னச் சின்னதாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஹைன்ஸ் பிரெஹ்டல் என்ற மருத்துவர் வகுத்த முறை இது. அந்த அசைவு இல்லையென்றால் மூளைவாதம் வரக்கூடும் என்று ஆறு மாத வயதுக்கு முன்பே கண்டுபிடித்து வேலையைத் தொடங்கிவிடலாம். நாலு மாதம் தாண்டியும் கை மூடியே இருப்பது, ஒரு கையை மட்டும் அசைப்பது, கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்வது, தலை நிற்காதது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

அதற்கெல்லாம் மாதாமாதம் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று அமைத்திருக்கிறார்கள். பிசியோதெரபி, காது, கண், பேச்சு எல்லாம் இலவசம். டிஸ்சார்ஜ் சீட்டோடு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் விசாரியுங்கள். காதுப் பரிசோதனை மதுரையிலேயே முடிந்ததா என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு உள்ளே போகும்போது வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போங்கள். சிஸ்டரிடம், "என் நெஞ்சில் ஒரு மணி நேரம் போடுங்கம்மா" என்று நீங்களே கேளுங்கள். முன்பக்கம் திறக்கிற மாதிரி ரவிக்கை போட்டுக்கொள்ளுங்கள், ஆச்சி.